மக்காசாய் மொழியும் 'நாம்' என்னும் சொல்லும்

தீமோர்த் தீவின் கிழக்கே, மத்தேபியான் மலையைச் சூழ்ந்த பவுக்காவ், விக்கேக்கே மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த லவுத்தெம் பகுதியிலும் வாழும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி மக்காசாய். சுலவேசித் தீவின் மக்காசர் மொழியோடு இதனைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. அது ஆசுதிரோனீசியக் குடும்பத்தது; இதுவோ பப்புவா மொழிகளுள் ஒன்று. சுற்றிலும் தேத்தும் முதலான ஆசுதிரோனீசிய மொழிகள் சூழ்ந்திருக்க, ஃபாத்தலுக்கு, மக்கலேரோ ஆகிய உறவு மொழிகளோடு இது தீவின் கிழக்கில் நிலைபெற்றுள்ளது.

நெடுங்கால அண்டை வாழ்வின் சுவடு எண்ணுப்பெயர்களில் பதிந்துள்ளது. ஒன்று 'உ', இரண்டு 'லொலா'எ'. இவை சொந்தச் சொற்கள். ஐந்து 'லிமா', ஏழு 'ஃபீத்து', ஒன்பது 'சிவா' என்பன ஆசுதிரோனீசியரிடம் பெற்ற கடன். கடன் கொண்டதால் மொழி தன் இயல்பை இழந்துவிடவில்லை. வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஒலியமைப்பு எளியது. உயிரொலிகள் ஐந்தே, தமிழில் போன்ற குறில், நெடில் பாகுபாடு இங்கில்லை. அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். 'லொலா'எ' என்பதில் நான் இட்ட குறி குரல்வளை அடைப்பொலியைக் காட்டுவது. தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி அது; அங்கே அதுவும் ஒரு மெய். ஈருயிர் சந்திக்குமிடத்தில் நாம் உடம்படுமெய் கொணர்ந்து இணைக்கிறோம்; இச்சொல்லில் அடைப்பொலி இடைபுகுந்து பிரிக்கிறது. ஒலிப்புடை, ஒலிப்பிலா வெடிப்பொலிகள் அங்குத் தனித்தனி ஒலியன்கள். 'மகசாய்' என்றெழுதினால் நம்மவர் ககரத்தை ஒலிப்புடையதாகவே படிப்பர் என்றஞ்சி ஒற்றை இரட்டித்தேன்.

என்னை ஈர்த்தது வேறொன்று. 'நாம்', 'நாங்கள்' என்னும் நம் வேற்றுமை அங்கும் உண்டு: கேட்போரையும் உளப்படுத்துவது 'ஃபி', விலக்குவது 'இனி'. கிழக்குப் பகுதியினரைக் குறிக்கும் 'ஃபிராக்கு' என்னும் பெயர், மக்காசாயில் 'நம் உறவினர்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்ததென ஒரு கருத்து உண்டு. போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து திரிந்த வசையென்பது மற்றொரு கருத்து. முன்னதையே என் மனம் நாடுகிறது. எனினும், மனம் நாடுவது சான்றாகாது என்பதை அறிவேன்.

உறவைச் சுட்டியதாகக் கருதப்படும் இப்பெயரே பின்னாளில் பிளவுக்குப் பயன்பட்டது. 2006இல் படையினரிடையே எழுந்த கிழக்கு, மேற்குப் பூசல் தலைநகர் திலியில் கலவரமாக முற்றி, ஏறத்தாழ 1,50,000 பேர் இருப்பிடம் இழந்தனர். கிழக்கத்தியர் வீடுகள் பல எரியூட்டப்பட்டன. அதற்கு முன்னரும் இம்மக்கள் துயரறியாதவரல்லர். 1975 திசம்பரில் இந்தோனேசியப் படை புகுந்தபின் ஆயிரக்கணக்கானோர் மத்தேபியானில் அடைக்கலம் புகுந்தனர். வான்குண்டுவீச்சுக்கிடையே 1978 நவம்பரில் அம்மலை வீழ்ந்தது. மத்தேபியான் என்பது தேத்தும் மொழியில் இறந்தோர் ஆவிகளைக் குறிக்கும் பெயர்.

அவ்வாட்சியில் பள்ளியில் இந்தோனேசியம் ஒலித்தது. 1981 முதல் கோயில் வழிபாட்டில் தேத்தும் இடம்பெற்றது. மக்காசாய்க் குழந்தைக்கு வீடொன்றே எஞ்சியது. 2002இல் விடுதலை வந்தபோது போர்த்துக்கேயமும் தேத்துமும் ஆட்சிமொழிகளாயின; ஏனைய மொழிகளை அரசு மதித்து வளர்க்கும் என்று அரசமைப்பு உரைத்தது. 2012இல் தாய்மொழிவழிக் கல்வி முன்னோட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவை கலோலி, பாய்க்கேனோ, ஃபாத்தலுக்கு ஆகிய மூன்று. நாட்டில் மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழிகளுள் ஒன்றான மக்காசாய் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மத்தேபியான் அடிவாரத்துப் பள்ளிகளுக்குச் சென்ற சிறார் 'ஃபி' என்று வாயால் அறிந்திருந்தனர். பாடநூலில் அதனைக் காணவில்லை.