கனேரி: ஒரு பெயரின் வரலாறு

கனேரி என்னும் பாடும் பறவையின் பெயர் நாயோடு தொடர்புடையது என்றால் வியப்பார் உளர். அத்திலாந்திக்குத் தீவொன்றிலே பெருநாய்கள் மிக்கிருந்தமையால் அது 'கனாரியா' எனப்பட்டது என்பர் கி.பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினி. 'கானிஸ்' என்பது இலத்தீனில் நாய். அத்தீவின் பெயரே பின்னர் அங்கு வாழ்ந்த குருவிக்கும், அங்கிருந்து சென்ற வைனுக்கும், ஒரு நடனத்துக்கும் ஆயிற்று. இலண்டனில் அத்தீவுகளின் பழங்கள் இறங்கிய துறை 'கனேரி வாஃப்' எனப் பெயர் பெற்றது. அத்துறை 'நாய்த்தீவு' என்னும் பகுதியில் அமைந்திருப்பது ஒரு வேடிக்கை.

இவையெல்லாம் தீவு தந்த பொருள்கள். பறவை தன் உயிரால் ஈட்டிய பொருள் நிலக்கரிச் சுரங்கத்திலே பிறந்தது. சுரங்க வெடிவிபத்துக்களில் இறந்தோருட் பலர் காபனோரொட்சைட்டினாலேயே மாண்டனர் என ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1896இல் எடுத்துக்காட்டினார். மணமற்ற அந்நச்சுவாயுவுக்கு மனிதனிலும் முந்தி மயங்கி வீழும் சிற்றுயிரைச் சுரங்கத்துட் கொண்டுசெல்லலாம் என்பது அவர் யோசனை. ஆங்கிலத்திலே வரவிருக்கும் கேட்டுக்கு முதலிற் பலியாகி, பிறரை எச்சரிப்பதனைச் 'சுரங்கத்துக் கனேரி' என்பது இதன் வழிவந்ததே. பிரித்தானியச் சுரங்கங்களில் மின்னணுக் கருவிகள் கனேரியின் இடத்தைப் பெறும் என அறிவிக்கப்பட்டது 1986இலேயாகும். மயங்கிய பறவையை மீண்டும் உயிர்ப்பிப்பதற்கென ஒட்சிசன் உருளை பொருத்திய கூடுகளும் அச்சுரங்கங்களில் வழங்கின.