இடையிரவு விழிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

உண்டியும் உறக்கமும் உயிர்கள் அனைத்துக்கும் பொதுவானவை. எனினும் அரசரின் வரலாறும் போர்களின் வரலாறும் எழுதப்பட்ட அளவுக்கு இவ்விரண்டின் வரலாறும் எழுதப்படவில்லை. உண்டியின் வரலாற்றையேனும் வேளாண்மையையும் வணிகத்தையும் ஆராய்ந்தோர் ஓரளவு தொட்டுச் சென்றனர். உறக்கமோ இயற்கையின்பாற்பட்டது, என்றும் எங்கும் ஒரே தன்மையது, ஆதலின் அதற்கு வரலாறென ஒன்று இருத்தல் இயலாது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. இவ்வெண்ணம் பொருந்தாதென்பது அண்மைக்கால ஆராய்ச்சியாற் புலனாகின்றது. மனிதன் எப்பொழுது உறங்கினான், எவ்வாறு உறங்கினான் என்பன மட்டுமன்றி, நள்ளிரவில் விழித்தபோது அவ்விழிப்பை யாதெனக் கருதினான் என்பதும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. துயிலின்மையால் நெடுநாள் வருந்துவோர்க்கு இம்மாற்றத்தை அறிதல் வெறும் ஏட்டறிவன்று. அவர்தம் இரவுகளைக் கழிக்கும் முறையையே அது மாற்ற வல்லது.

துயிலின்மை எனப்படுவது யாது? உறங்குதற்கு வேண்டிய நேரமும் இடமும் வாய்த்திருந்தும் உறக்கம் வாராமை, வந்த உறக்கம் நடுவே கலைந்து மீளாமை, விடியுமுன்னரே விழித்துவிடுதல் என அது மூவகைப்படும். வாரத்தில் மூன்று இரவுகளேனும் இவ்வாறு நிகழ்ந்து, மூன்று மாதங்களுக்குக் குறையாது நீடித்து, பகலிற் சோர்வையும் மனத்தளர்வையும் விளைவிப்பின், அதனை நாட்பட்ட துயிலின்மை என்பர் இன்றைய வைத்திய நூலார். இம்மூவகையுள் நடுவிரவு விழிப்பே இவண் சிறப்பாக ஆராயப்படுகின்றது. ஒருகாலத்தில் இவ்விழிப்பு நோயென்றே எண்ணப்படவில்லை என்பது வரலாற்றாசிரியர் ஒருவர் கண்ட உண்மையாகும்.

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த பேராசிரியர் றொஜர் ஈக்கேர்ச் என்பார் மேல்நாட்டாரின் இரவு வாழ்க்கையை ஆராய முற்பட்டு, நீதிமன்ற வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், வைத்திய ஏடுகள், இலக்கியங்கள் ஆகியவற்றைத் துருவிப் படித்தார். 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் அவர் தாம் கண்ட முடிபை விளக்கினார். கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட ஐரோப்பாவில் மக்கள் பலர் இரவை ஒரே தொடர்ச்சியாக உறங்கிக் கழிக்கவில்லை. இரு கூறாக உறங்கினர். முற்கூறு ‘முதற்றுயில்’ எனவும் பிற்கூறு ‘இரண்டாந்துயில்’ எனவும் வழங்கின. ஆங்கிலத்தில் மட்டுமன்றிப் பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளிலும் முதற்றுயிலைக் குறிக்கும் தொடர்கள் இருந்தன. சாட்சி கூறியோர் அவற்றை விளக்கம் எதுவுமின்றிச் சொல்லிச் சென்றமையே, கேட்போர் அனைவரும் அவ்வழக்கத்தை அறிந்திருந்தனர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இரு துயில்களுக்கும் இடைப்பட்ட நேரம் வீணே கழியவில்லை. சிலர் எழுந்து அடுப்புத் தீயைப் பேணினர். சிலர் வீட்டுவேலை செய்தனர். சிலர் அருகில் உள்ளாரோடு அளவளாவினர். சிலர் கண்ட கனவுகளை நினைந்து கிடந்தனர். இந்நேரத்துக்கென்றே இயற்றப்பட்ட வழிபாட்டு வாசகங்களும் இருந்தன. விழித்தவன் ‘உறக்கம் போயிற்றே’ எனக் கலங்கவில்லை. இரண்டாந்துயில் வரும் என்பதை அவன் அறிவான். விழிப்புக்கு ஒரு பெயரும் ஒரு பணியும் இருந்தமையால் அச்சத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இவ்வழக்கம் எவ்வாறு மறைந்தது? விளக்கொளியின் பெருக்கம் முதற் காரணமாகும். 1667ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரமும், 1669ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரமும், 1684ஆம் ஆண்டில் இலண்டன் நகரமும் தத்தம் வீதிகளில் விளக்கேற்றும் ஏற்பாட்டைச் செய்தன. 1807ஆம் ஆண்டில் இலண்டன் வீதியொன்றில் வாயுவிளக்கு எரிந்தது. 1879ஆம் ஆண்டில் எடிசன் மின்விளக்கைச் செப்பஞ்செய்தார். இரவிலும் கடைகளும் அரங்குகளும் திறந்திருக்கலாயின. உறங்கச் செல்லும் நேரம் பின்தள்ளப்பட்டது. எழும் நேரமோ தொழிற்சாலையின் மணியால் வரையறுக்கப்பட்டது. இருபுறமும் நெருக்குண்ட உறக்கம் ஒன்றாகத் திரண்டது. முதற்கண் நகர்வாழ் செல்வரிடையே தோன்றிய இம்மாற்றம் மெல்ல மெல்ல ஏனையோரிடத்தும் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரு துயில் என்ற நினைவே மக்களிடத்து அற்றுப்போயிற்று. அதன்பின் நடுவிரவில் விழித்தவன் தன்னை நோயாளியெனக் கருதத் தலைப்பட்டான்.

இக்கொள்கையை அப்படியே ஏற்றல் தகுமோ எனின், சான்றுகளை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஆதரவானதொரு பரிசோதனையை அமெரிக்க வைத்திய அறிஞர் தோமஸ் வெயர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாடோறும் பதினான்கு மணிநேர இருளில் நான்கு வாரங்கள் வைக்கப்பட்டவர்களின் உறக்கம் இரண்டாகப் பிரிந்தது. இடையே ஒன்று முதல் மூன்று மணிநேரம் வரை அவர்கள் அமைதியாக விழித்திருந்தனர். ஆயின், 2015ஆம் ஆண்டில் ஜெரோம் சீகல் முதலியோர் தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்னொளியின்றி வாழும் மூன்று இனத்தவரை ஆராய்ந்தபோது, அவர்கள் பெரும்பாலும் ஒரே தொடர்ச்சியாக உறங்கியமையைக் கண்டனர். அவர்தம் உறக்கமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு மணிநேரமேயாயிற்று. மத்திய கோட்டை அடுத்த நாடுகளில் இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரமே. வட ஐரோப்பாவின் மாரிக்கால இரவோ அதனினும் மிக நீண்டது. ஆகவே, இரு துயில் என்பது மானிடர் அனைவர்க்கும் உரிய இயற்கை என்பதினும், நீண்ட இரவுக்கு ஏற்ப அமைந்த ஒரு வழக்கம் என்பதே பொருத்தமாகும். இரு சாராரின் ஆராய்ச்சியிலிருந்தும் பெறப்படும் பொது உண்மை ஒன்றுண்டு. உறக்கத்துக்கு எக்காலத்துக்கும் மாறா ஓர் அச்சு இல்லை; ஒளியும் பருவமும் வழக்கமும் அதன் வடிவை மாற்றுவன.

தமிழர் இரவைப் பகுத்துப் பெயரிட்டமை ஈண்டு நினையத்தக்கது. தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சித் திணைக்குரிய சிறுபொழுதாகக் கூறும். ஊர் உறங்கத் தான் உறங்காத தலைவியின் துயரைச் சங்கச் செய்யுள்கள் பல காட்டும். முப்பது நாழிகை கொண்ட இரவை ஏழரை நாழிகை வீதம் நான்கு சாமங்களாகப் பகுத்து, சிவராத்திரியன்று ஒவ்வொரு சாமத்துக்கும் பூசை இயற்றும் முறை இன்றும் நிலவுகின்றது. தமிழர் இரு துயில் கொண்டனர் என்பதற்கு இவை சான்றாகா. ஆயினும், விரும்பி ஏற்ற விழிப்பு விரதமாதலும், விரும்பாது வந்த விழிப்புத் துயராதலும் இவற்றால் நன்கு விளங்கும். விழிப்பு ஒன்றே, மனநிலையே வேறு.

விழிப்பை நோயெனக் கொண்ட காலம், அதற்கு மருந்து தேடிய காலமுமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புரோமைட்டு உப்புகள் நரம்புத் தளர்ச்சிக்கும் துயிலின்மைக்கும் வழங்கப்பட்டன. யேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1832ஆம் ஆண்டில் ஆக்கிய குளோரல் ஐதரேற்று, உறக்கந்தரும் மருந்தெனப் பேர்லினில் லீப்றைக் என்பவரால் 1869ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அது விரைந்து பரவிற்று. அதன் தீமையும் உடன் பரவிற்று. ஓவியரும் கவிஞருமாகிய தாந்தே கேப்ரியேல் றொசெற்றி துயிலின்மைக்காக அதனை உண்ணத் தொடங்கி, பின்னர் அதனை விடவியலாது உடலும் உள்ளமும் நலிந்து 1882ஆம் ஆண்டில் இறந்தார்.

இம்மருந்துகளின் கேட்டுக்கு இலங்கைப் பயணமொன்றும் சாட்சியாகும். ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வோ நெடுநாட் துயிலின்மைக்குக் குளோரலையும் புரோமைட்டையும் கலந்து உண்டு வந்தவர். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இலங்கையை நோக்கிக் கப்பலேறினார். வழியில், தம்மைத் தூற்றும் குரல்கள் ஓயாது கேட்பதாக மயங்கினார். எகிப்திற் கப்பலை விட்டிறங்கி விமானமேறிக் கொழும்பை அடைந்தபோதும் அக்குரல்கள் அவரை நீங்கவில்லை. நாடு திரும்பியபின் வைத்தியர் அதனைப் புரோமைட்டு நஞ்சின் விளைவெனக் கண்டு மருந்தை மாற்றவே, குரல்கள் மறைந்தன. இவ்வனுபவத்தையே அவர் 1957ஆம் ஆண்டில் நாவலாக்கினார். துயிலைப் பெறும்பொருட்டு உண்ட மருந்து, விழிப்பு நிலையையே கனவாக்கிவிட்ட கொடுமை இது.

இருபதாம் நூற்றாண்டு புதிய மருந்துகளைத் தந்ததேயன்றிப் பழைய பாடத்தை மாற்றவில்லை. எமில் பிஷர், வொன் மேறிங் என்னும் இருவரும் 1903ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த வெரோனல், பாபிற்றியூரேற்று என்னும் மருந்துக் குலத்தைத் தொடக்கி வைத்தது. உறக்கந்தரும் அளவுக்கும் உயிர்போக்கும் அளவுக்கும் அவற்றில் இடைவெளி சிறிதே; அதனால் மாண்டோர் பலர். 1957ஆம் ஆண்டில் மேற்கு யேர்மனியில் தீங்கற்ற துயில்மருந்தென விற்பனைக்கு வந்த தலிடொமைட்டுக் கருவுற்ற தாயரும் உண்டமையால், உலகெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்தன. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அது அங்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. 1960ஆம் ஆண்டு முதல் வந்த பென்சோடயசெப்பீன் மருந்துகள் முன்னையவற்றினும் அச்சங்குறைந்தவை. ஆயினும் நெடுநாள் உண்டோரை அவையும் அடிமைப்படுத்தின.

மருந்தாளர் இவ்வாறு முயன்றுகொண்டிருக்க, உறக்கத்தின் இயல்பை ஆராய்வோரும் தோன்றினர். சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நதானியேல் கிளைற்மன் 1938ஆம் ஆண்டில் மாணவர் ஒருவருடன் கென்றக்கி மாநிலத்தின் மாபெருங் குகையொன்றில் முப்பத்திரண்டு நாட்கள் வாழ்ந்து, ஞாயிற்றொளி படாத இடத்தில் உறக்கத்தின் ஒழுங்கை ஆராய்ந்தார். 1953ஆம் ஆண்டில் அவரும் அசெரின்ஸ்கியும், உறங்குவோரின் கண்கள் இடையிடையே விரைந்து அசைதலை வெளிப்படுத்தினர். அதன்பின், உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரச் சுற்றுகளாக அமைதலும், சுற்றுகளுக்கிடையே சிறு விழிப்புகள் எவர்க்கும் நிகழ்தலும் தெளிவாயின. 1982ஆம் ஆண்டிற் போர்பெலி என்னும் அறிஞர், விழித்திருக்குந்தோறும் பெருகும் உறக்கத் தேவையும் உடலின் நாட்சுற்றும் சேர்ந்தே துயிலை ஆளுகின்றன என விளக்கினார். முன்னிரவு உறக்கத்தால் அத்தேவை பெரிதும் தணிந்துவிடுதலால், பின்னிரவில் உறக்கம் மெலிதாகி எளிதிற் கலைகின்றது.

இவ்வறிவின் துணைகொண்டு எழுந்ததே மருந்தற்ற சிகிச்சை முறையாகும். 1972ஆம் ஆண்டில் றிச்சட் பூற்சின் என்னும் உளநூலார் சில விதிகளை வகுத்தார். உறக்கம் வந்தாலன்றிப் படுக்கைக்குச் செல்லலாகாது. படுத்தும் உறக்கம் வாராதாயின் எழுந்து வேறோர் அறைக்குச் சென்று, கண் அயர்ந்த பின்னரே மீளல் வேண்டும். எத்துணை குறைவாக உறங்கினும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். பகலுறக்கம் தவிர்த்தல் வேண்டும். படுக்கை துயிலுக்குரிய இடமேயன்றித் துயிலோடு போராடுங் களமன்று என்பது இவற்றின் கருத்து. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் இதன் ஒரு கூற்றைத் தம் அனுபவத்தால் முன்னரே அறிந்திருந்தார். உறக்கம் வாராத இரவுகளிற் படுக்கையிற் புரளாது எழுந்து, விடியும்வரை இலண்டன் வீதிகளில் நடந்து, களைத்து மீண்டு, அக்குறையை வென்றமையை 1860ஆம் ஆண்டிலேயே அவர் கட்டுரையாக எழுதினார்.

1987ஆம் ஆண்டில் ஆதர் ஸ்பீல்மன் என்பார் மேலும் ஓருண்மையை எடுத்துரைத்தார். துயிலின்மையைத் தூண்டிய காரணம் ஒன்றாக, அதனை நீடிக்கச் செய்யுங் காரணம் வேறொன்றாகலாம். துக்கத்தாலோ பிணியாலோ தொடங்கிய துயிலின்மை, அக்காரணம் நீங்கிய பின்னரும், இழந்த உறக்கத்தை ஈடுசெய்யக் கருதி நெடுநேரம் படுத்துக் கிடத்தலாலும், ‘இன்றும் உறக்கம் வாராதோ’ என்ற அச்சத்தாலும் நிலைபெறுகின்றது. ஆகலின் படுக்கையிற் கிடக்கும் நேரத்தை உண்மையாக உறங்கும் நேரத்தளவுக்குச் சுருக்கி, உறக்கம் செறிந்த பின் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை அவர் வகுத்தார். இவையனைத்தையும் உள்ளடக்கிய உளநடத்தைச் சிகிச்சையே நாட்பட்ட துயிலின்மைக்கு முதற்கண் அளிக்கப்படல் வேண்டுமென அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. துயிலின்மைக்கு வேறு பிணி காரணமாதலும் உண்டாதலின், வைத்தியரை நாடுதல் இன்றியமையாதது. நெடுநாள் உண்ட துயில்மருந்தை அவர் அறிவுரையின்றித் திடீரென நிறுத்துதலும் கேடாகும்.

வரலாறு துயிலின்மைக்கு மருந்தாகாது. இரவுகள்தோறும் விழித்திருப்பவனின் துன்பம் மெய்யானது. அதனைப் பழங்கதை கூறிப் போக்கிவிடல் இயலாது. எனினும் வரலாறு அவனுக்கு ஒன்றை உணர்த்தும். நடுவிரவு விழிப்புத் தன்னளவிற் கேடன்று. அதனோடு கூடிய கலக்கமே அதனைப் பிணியாக்குகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதன் உறக்கத்தை வலிந்து பற்ற முயன்றான். அம்முயற்சியில் நஞ்சுண்டான், அறிவு மயங்கினான், உயிரும் இழந்தான். அதனை வற்புறுத்தாது, விழித்த வேளையில் அமைதியாக எழுந்திருந்து, காலையிற் குறித்த பொழுதில் கடமையைத் தொடங்கியவர்களிடத்து உறக்கம் தானாகவே மீண்டது. முதற்றுயிலுக்குப்பின் எழுந்து அடுப்புத் தீயைப் பேணிய பண்டை மக்கள் இவ்வுண்மையை நூலிற் கற்றிலர், வாழ்க்கையிற் கண்டிருந்தனர்.