கையில் ஆயுதம் இல்லாத பாரத மாதா

வணிகவியல் படிக்கிற நமக்கு சுதேசி இயக்கம் என்றதுமே நினைவுக்கு வருவது மான்செஸ்டர் துணி புறக்கணிப்பும், 1906-ல் வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனியும்தான். அதே இயக்கம் ஒரு அருமையான நீர்வண்ண ஓவியத்தையும் தந்திருக்கிறது நண்பர்களே!

1905 அக்டோபரில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கர்சன் பிரபுவின் மேல் மக்களுக்குக் கடும் கோபம். அந்நியத் துணிகள் தெருவில் எரிந்தன. அந்த வருடம்தான் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா'வை வரைந்தார். இவர் ரவீந்திரநாத் தாகூருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன்.

படத்தின் உயரம் ஒரு அடிகூட இல்லை. காவி உடுத்திய ஒரு இளம் பெண் துறவி. நான்கு கைகள். நெற்கதிர், வெள்ளைத் துணி, ஓலைச்சுவடி, ஜெபமாலை. அதாவது உணவு, உடை, கல்வி, ஆன்மிகம். வாளோ சூலமோ கிடையாது. ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் இப்படி வரைந்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

அவர் வரைந்த முறையும் இதற்குப் பொருத்தமானது. 1903-ல் தாய்கான், ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். அவர்களிடம் பார்த்ததைத் தன் வழியில் மாற்றிக்கொண்டார் அவனீந்திரநாத். வண்ணம் பூசிய காகிதத்தைத் தண்ணீரில் நனைப்பார், காயவைப்பார், மறுபடி பூசுவார். கொஞ்சம் வண்ணம் கரைந்து போகும், மிச்சம் காகிதத்தில் ஊறிவிடும். அதனால் கோடுகளின் கடுமை குறைந்து, பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல உருவம் தெரியும். ரவிவர்மாவின் லட்சுமியைப்போல நகைகள் ஜொலிக்காது. நம் கண் நேராக அந்த அமைதியான முகத்துக்குத்தான் போகும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வெள்ளைத் துணி. அன்று சுதேசித் துணியின் விலை அதிகம். மலிவான மான்செஸ்டர் துணியை நம்பியிருந்த ஏழைகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் புறக்கணிப்பு பெரிய சுமையானது. இந்தச் சங்கடத்தை ரவீந்திரநாத் 1916-ல் வெளிவந்த தன் நாவல் ஒன்றில் எழுதினார். எந்தத் துணியை வாங்கக் கூடாது என்று இயக்கம் சொன்னது. யாருக்குத் துணி இல்லை என்பதை இந்தப் படம் நினைவுபடுத்துகிறது.

பிற்காலக் காலண்டர்களில் பாரத மாதாவுக்குச் சிங்கம் வந்தது, சூலம் வந்தது, பின்னால் தேச வரைபடமும் வந்தது. முதலில் அவள் கையில் இருந்தவை சோறும் துணியும் படிப்பும்தான். தேசபக்தியைப் பற்றிச் சத்தமாகப் பேசும்போது நாம் அந்த நான்கு கைகளையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாமே!