காக்காவையும் சேர்த்து எண்ணு

டிசம்பர் மாதத்தின் கடைசி பத்து நாள் எங்கள் தொழிலில் வினோதமான காலம். வாடிக்கையாளர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருப்பார்கள். புதிதாக எதையும் ஏற்றக் கூடாது என்று ‘கோட் ஃப்ரீஸ்’ அறிவித்துவிடுவார்கள். அலுவலகத்தில் பாதி இருக்கைகள் காலி. மிச்சமிருக்கும் நாங்கள் இரண்டு வேலைதான் பார்ப்போம்: ஒன்று, அப்ரைசல் படிவத்தில் இந்த வருடம் என்ன கிழித்தோம் என்று நிரப்புவது. இன்னொன்று, பட்டியல் போடுவது. படித்த புத்தகம் இத்தனை, பார்த்த படம் இத்தனை, அதிகம் கேட்ட பாட்டு இது. செய்தி, வேடிக்கை, இயற்கை, வாழ்த்து எல்லாவற்றையும் கலந்துகட்டி ஒரு வருடத்தை மூட்டை கட்டிவிடுகிற அவசரம்.

எனக்கும் அந்த வியாதி உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மதியம், அப்ரைசல் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பாமல், பழைய வருடக் கடைசிப் பட்டியல்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டது 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 பேர் சேர்ந்து போட்ட ஒரு பட்டியல். 25 இடங்கள், சுமார் 90 இனங்கள், ஏறத்தாழ 18,500 பறவைகள். நான் படித்ததிலேயே உருப்படியான வருடக் கடைசிப் பட்டியல் அதுதான். அதை இன்னும் யாரும் முடிக்கவில்லை என்பது இன்னொரு விசேஷம்.

*

அந்தக் காலத்து வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ‘சைடு ஹன்ட்’ என்பார்கள். ஊர் ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். துப்பாக்கியோடு காட்டுக்கும் வயலுக்கும் போவார்கள். இறகு உள்ளது, ரோமம் உள்ளது என்று கண்ணில் படுவதையெல்லாம் சுடுவார்கள். சாயங்காலம் இரண்டு குவியல். எந்த அணியின் குவியல் பெரிதோ அது ஜெயித்தது. சுட்டதைச் சாப்பிட வேண்டும், விற்க வேண்டும் என்கிற கணக்கே இல்லை. எண்ணிக்கை மட்டும்தான். வேட்டைப் பத்திரிகைகள் அந்த ஸ்கோரை அச்சிட்டும் வந்தன.

இதைப் பார்த்து எரிச்சலானவர்களில் ஒருவர் ஃபிராங்க் சாப்மன். 1864இல் பிறந்தவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. நியூயார்க்கில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வேலைக்கு முன்னும் பின்னும் பறவை பார்ப்பார். அதாவது, நம்ம ஆள்.

1886இல் அவர் ஒரு காரியம் செய்தார். மன்ஹாட்டனின் கடைத்தெருக்களில் இரண்டு மதியம் நடந்தார். பறவை தேடித்தான் போனார், ஆனால் வானத்தைப் பார்க்கவில்லை, பெண்களின் தொப்பிகளைப் பார்த்தார். தொப்பியில் இறகு, சிறகு, சில சமயம் பாடம் செய்த முழுப் பறவையையே குத்திக்கொள்வது அன்றைய நாகரிகம். 700 தொப்பிகளை எண்ணினார். 542இல் பறவை இருந்தது. அடையாளம் காண முடிந்தவை 40 இனங்கள். நகர நடுவில், ஒரு மரத்தைக்கூடப் பார்க்காமல், 40 இனங்கள்! இன்றைக்கு ஒரு நல்ல ஏரிக்கரையில் காலை முழுக்க நின்றால் கிடைக்கிற எண்ணிக்கை அது.

அந்தக் கணக்கை ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். வங்கி வேலையை விட்டார். 1888இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1899இல் ‘பேர்டு லோர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பறவைக் கட்டுரை, வாசகர் குறிப்பு, சங்கச் செய்தி, சிறுவர் பகுதி எல்லாம் கலந்த இதழ். 1900 டிசம்பர் இதழில்தான் அந்தச் சின்ன அறிவிப்பு வந்தது.

*

அந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை என்பது. பாவம், புண்ணியம், வெட்கமில்லையா உங்களுக்கு என்றெல்லாம் இல்லை. ‘இது ஒரு புதுவிதமான சைடு ஹன்ட்’ என்றுதான் அழைத்தார். கிறிஸ்துமஸ் அன்று கொஞ்ச நேரம் பறவைகளோடு செலவிடுங்கள், உங்கள் ‘வேட்டை’யின் முடிவை அன்றிரவு படுக்கப் போவதற்கு முன் எழுதி அனுப்புங்கள், பத்திரிகையில் போடுகிறோம் என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அதே விடுமுறை. அதே நண்பர்கள். அதே குளிர், அதே நடை. யார் அதிகம் என்கிற அதே போட்டி. பேர் அச்சில் வரும் அதே சந்தோஷம். பழைய புரோகிராமில் உள்ளே போவதும் வெளியே வருவதும் அப்படியே இருக்க, நடுவில் ஒரே ஒரு வரியை மாற்றினார். பறவை உயிரோடு போய்விடும்.

இத்தனைக்கும் சாப்மன் துப்பாக்கி தொடாத சாது இல்லை. அருங்காட்சியகத்துக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். அன்றைய பறவையியல் அப்படித்தான் நடந்தது. கையில் பிணம் இருந்தால்தான் பெயர் நிச்சயம். ரோஜர் டோரி பீட்டர்சனின் கள வழிகாட்டிப் புத்தகம் வந்ததே 1934இல்தான். ஆக, சுடுபவர்களின் மனசு அவருக்குத் தெரியும். வேட்டையில் பாதி சந்தோஷம் கொல்வதில் இல்லை, தேடிப் போவதிலும் திரும்பி வந்து சொல்வதிலும் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன்.

பொறியாளனாக என்னை அசத்தியது அவர் கேட்ட விவரங்கள். இடம், வானிலை, தரையில் பனி இருந்ததா, காற்றின் திசை, கிளம்பும்போது இருந்த வெப்பநிலை, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பிறகு ஒவ்வொரு இனத்திலும் எத்தனை. கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும் எதற்கு? நான் பத்து பறவை பார்த்தேன் என்பது வெறும் செய்தி. இரண்டு மணி நேரத்தில் பத்து பறவை பார்த்தேன் என்றால்தான் அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியும். ஆள் அதிகமானால் பறவையும் அதிகமாகத் தெரியும். உழைத்த நேரத்தால் வகுக்காவிட்டால், பறவை பெருகிவிட்டதாக நாமே ஏமாந்துபோவோம். சர்வர் கணக்குகளில் எங்களுக்கு இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும்.

*

அந்தப் பட்டியல் இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்கவில்லை. இன்று டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, சுமார் 24 கிலோமீட்டர் விட்டமுள்ள 2,000க்கும் அதிகமான வட்டங்களில் பல்லாயிரம் பேர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்றவர், கையில் பைனாகுலரோடு பத்து வயதுப் பிள்ளை.

சரி, விடுமுறை விளையாட்டால் என்ன பிரயோஜனம்? 1980களில் அமெரிக்கக் கருப்பு வாத்து குறைந்துவருவது இந்தக் கணக்கில் தெரிந்தது. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2009இல் ஆடுபான் சங்கம் 40 வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, 305 இனங்களில் 177 தங்கள் குளிர்கால வீட்டை வடக்கே நகர்த்தியிருந்தன. சராசரியாக 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர். பூமி சூடாவதைப் பறவைகள் வீடு மாற்றிச் சொல்லியிருக்கின்றன. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 1970க்குப் பின் வட அமெரிக்காவில் சுமார் 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்றது. அதற்கு ஆதாரமான தரவுகளில் இந்தக் கிறிஸ்துமஸ் கணக்கும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பயணிப்புறா நிற்கிறது. வட அமெரிக்காவில் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்ததாக மதிப்பிடப்படும் பறவை. கூட்டம் கடந்தால் சூரியன் மறையும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்ற கடைசிப் புறா செத்தது. அவ்வளவு இருந்த ஒன்றை எதற்கு எண்ணுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. குறைவது கண்ணுக்குத் தெரிந்தபோது தாமதமாகியிருந்தது.

*

இதையெல்லாம் படித்த சூட்டில், அடுத்த மாதமே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போனேன். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் நடத்துவது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும்.

பெரும்பாக்கம் ஏரிக்கரை. பின்னால் அடுக்குமாடிகள். நான் நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன் என்று பெருமையாகக் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் போனை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, காக்காவை விட்டுட்டீங்க?”

“அது காக்காதானே சார்.”

“இருபத்தி மூணு இருக்கு. போடுங்க. நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா எப்படித் தெரியும்?”

பட்டியலை அனுப்பும் முன் அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? ‘ஆம்’ என்றால்தான், பட்டியலில் இல்லாத பறவைக்குப் பொருள் வரும். அது ‘தெரியாது’ இல்லை, ‘பூஜ்யம்’. தொழிலில் பத்து வருடமாக இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஜூனியர்களுக்கு விளக்குகிறவன் நான். காக்கா விஷயத்தில் அந்தப் பெரியவர்தான் எனக்கு விளக்க வேண்டியிருந்தது.

சிட்டுக்குருவி விவகாரம் ஞாபகம் இருக்கும். செல்போன் டவரால் அழிந்துவிட்டது என்று நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். 2020இல் வந்த ‘ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்’ அறிக்கை, சுமார் 15,500 பறவை ஆர்வலர்கள் ஏற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாகத்தான் இருக்கிறது, டவர் கதிர்வீச்சுக்கு ஆதாரம் இல்லை என்றது. எண்ணாதவர்களான நாங்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, சாதாரணக் குருவியையும் விடாமல் எண்ணிய யாரோதான் பதில் வைத்திருந்தார்கள்.

*

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் போனில் சொன்னேன். பொங்கலுக்குப் பறவை எண்ணப் போனேன் என்றதும் சிரித்தார். “நாங்க கரிநாளுக்கு முயல் பிடிக்கப் போவோம்” என்றார். தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போகிற வழக்கம் உண்டு. அதைத் தடுக்க வனத்துறை இன்றும் பொங்கல் சமயத்தில் ரோந்து போகிறது. நமக்கும் ஒரு சைடு ஹன்ட் இருந்திருக்கிறது. அதையும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டுதான் நான் அமெரிக்காவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

நமக்கு இன்னொரு முன்னுதாரணமும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நின்றுவிடவில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. சாப்மன் செய்ததுபோல ஒரு வரியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

தாத்தாவிடம் கேட்டேன், அப்போதெல்லாம் எத்தனை முயல் கிடைக்கும் என்று.

“யாரு எண்ணினா? நிறைய.”

“இப்ப?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “நான் பார்த்தே வருஷமாச்சு” என்றார்.

இந்த டிசம்பரிலும் கோட் ஃப்ரீஸ் வந்துவிட்டது. அப்ரைசல் படிவம் திறந்தே இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். தாத்தாவோடு அவர் வேட்டைக்குப் போன கரட்டுப் பக்கம் காலையில் நடப்பதாகத் திட்டம். கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். முயல் வந்தால் அதையும் எழுதுவேன். காக்காவை அவர் எண்ணட்டும்.