கையைச் சுரண்டிக்கொண்ட டாக்டர்!

ஜூன் மாதம் பிறந்தாலே, மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லிக்கு வயிற்றைக் கலக்கும். அடுக்குத் தும்மல், கண்ணில் அரிப்பு, மூக்கில் அருவி! 'வெயில்தான் காரணம்' என்றார்கள் சிலர். 'ஓசோன்' என்றார்கள் வேறு சிலர். பிளாக்லி வாதம் செய்துகொண்டு உட்காரவில்லை. ஒவ்வொன்றாகத் தன் உடம்பிலேயே சோதித்தார். முன்கையைச் சுரண்டி, ஈரமான புல் மகரந்தத்தை அதன்மேல் வைத்தார். சில நிமிஷங்களில் தாங்க முடியாத அரிப்பு, சுற்றிலும் வீக்கம். திருடன் அகப்பட்டான்! 1873-ல் எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

இன்றைக்கு அலர்ஜி டாக்டர் உங்கள் கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் குத்துகிறாரே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இந்தச் சோதனைதான்.

சரி, அந்தச் சொட்டில் எவ்வளவு வீரியம் இருக்க வேண்டும்? 1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு டிமோதி புல் மகரந்தத்தின் சாறு, ஒரு யூனிட்! பாவம், 1913-லேயே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

எடை மட்டும் போதுமா? ஒரே அளவு பொடி போட்டாலும் உங்க வீட்டு டிகாக்‌ஷனும் பக்கத்து வீட்டு டிகாக்‌ஷனும் ஒண்ணாவா இருக்கு? மகரந்தச் சாறும் அப்படித்தான். நீர்த்த சாறாக இருந்தால், நிஜமாகவே அலர்ஜி உள்ளவருக்கும் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடும். அதை நம்பி அவர் வேர்க்கடலையைக் கொறித்தால்? உயிருக்கே ஆபத்து! சாறு ரொம்ப முறுக்காக இருந்தாலோ, எரிச்சலிலேயே தோல் தடித்து, இல்லாத அலர்ஜியைக் காட்டும்.

1975-ல் நார்வே டாக்டர் ஷெல் ஆஸ், தோலையே தராசாக்கினார். அலர்ஜி உள்ள பல பேர் கையில், ஹிஸ்டமின் சொட்டு எழுப்பும் தடிப்புக்குச் சமமாகத் தடிப்பு எழுப்புகிறதா சாறு? அதுதான் அளவுகோல்!

ஒரு வேடிக்கை... வீரியத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் தடிப்பும் பத்து மடங்கு ஆகாது. குறுக்களவு சுமார் ஒன்றரை மடங்குதான். 4 மில்லிமீட்டர், 6 ஆகும். அவ்வளவே!

ஆகவே, பெரிய தடிப்பைப் பார்த்து மிரளாதீர்கள். அலர்ஜி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றுதான் அது சொல்லும். அடுத்த தாக்குதல் எவ்வளவு கடுமையாக வரும் என்று சொல்லாது. அதனால்தான் டாக்டர், "என்ன சாப்பிட்டீங்க, எப்போ தும்மினீங்க?" என்று துருவுகிறார். பிளாக்லியும் கையை மட்டுமா நம்பினார்? ஜூன் மாதத் தும்மலையும் சேர்த்தல்லவா கணக்குப் போட்டார்!