சமநிலத்து வண்டி

ரோடிங் என்னும் சிற்றாறு பார்க்கிங் நகரைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கித் தேம்ஸ் நதியில் விழுகின்ற இடத்துக்குக் க்ரீக்மவுத் என்று பெயர். இன்று கிட்டங்கிகளும் லொறிகளும் நிறைந்து கிடக்கும் அந்தச் சதுப்பு நிலத்தில், 1909ஆம் ஆண்டில் பிரெடரிக் ஹாண்ட்லி பேஜ் என்ற இளம் யந்திர நிபுணர் கொட்டகை அமைத்து ஆகாய விமானங்கள் கட்டத் தொடங்கினார் என்பதும், 1912இல் அவர் கிரிக்கில்வுட்டுக்குப் பெயர்ந்து செல்லும்வரை அந்த ஆற்றோரத்திலேயே தம் பிரயத்தனங்களை நடத்திவந்தார் என்பதும் விமானச் சரித்திரம் அறிந்தவர்கள் யாவரும் அறிந்த விஷயமே. வானில் எழும்ப முயல்கிறவனுக்கு மேடு பள்ளமற்ற வெளி வேண்டும். அது இங்கே தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அதே சமநிலம், விமானத்தைக் காட்டிலும் எளியதும் ஏழைக்கு நெருங்கியதுமான இன்னொரு யந்திரத்துக்கும் உகந்த பூமியாக இருந்தது என்பதை எடுத்துச் சொல்வாரைக் காணோம். எஞ்சின் பூட்டிய துவிச்சக்கரவண்டியைத்தான் சொல்லுகிறேன்.

அந்த வண்டிக்கு மேடு ஜன்ம விரோதி. ஒரு குதிரையின் பலத்தை எட்டியும் எட்டாமலும் நிற்கும் சிறிய எஞ்சின், சமதரையில் ஒரு மனிதனைக் களைப்பின்றி இழுத்துச் செல்லுமேயன்றி, ஏற்றம் கண்டவுடன் முனகத் தொடங்கிவிடும். ஓட்டுபவர் பெடலை மிதித்துத் தம் கால் வலியையும் அதனோடு கூட்டினாலன்றி உச்சியை அடைய முடியாது. பாரிஸில் வாழ்ந்த ருஷ்ய சகோதரர்களான வெர்னர் என்போர் 1897இல் வெளியிட்ட வண்டியில் எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே, ஹேண்டில் பாரின் அருகில் பொருத்தப்பட்டிருந்தது. பாரம் உயரத்தில் நின்றமையால் ஈரச் சாலையில் சக்கரம் சறுக்கி, ஓட்டுபவர் விழுவது வழக்கமாயிற்று. அந்தத் துன்பத்தை அனுபவித்த பின்னரே 1901இல் அவர்கள் எஞ்சினைப் பெடல் அச்சுக்குப் பக்கத்தில், சட்டத்தின் அடிப்பாகத்தில் இறக்கி வைத்தார்கள். இன்று உலகத்தில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை எஞ்சினை அந்த இடத்திலேயே சுமக்கின்றன. யந்திரக் கலையில் மேலான தீர்மானங்கள் பல இவ்வாறு முழங்கால் சிராய்ப்பிலிருந்தே பிறந்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

அக்காலத்தில் பார்க்கிங் லண்டனைச் சேர்ந்ததன்று. 1965 வரையில் அது எசெக்ஸ் மாகாணத்து ஊர். 1903ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1904 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்தபோது, எஞ்சின் பூட்டிய துவிச்சக்கரவண்டிக்கும் இலக்கத் தகடு கட்டாயமாயிற்று. எசெக்ஸ் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட எழுத்து எஃப். காருக்கு இருபது ஷில்லிங்காக இருந்த பதிவுக் கட்டணம் இந்த வண்டிக்கு ஐந்து ஷில்லிங். காரோட்டப் பதினேழு வயது நிரம்ப வேண்டுமென்ற சட்டம், இதற்குப் பதினான்கே போதுமென்றது. சாலையின் உச்ச வேகம் மணிக்கு 20 மைல். அதற்கு மேல் தன் வண்டி ஓடுமா என்று அறிய ஆசைப்பட்ட இளைஞனுக்குச் சாலையை விட்டு வேறிடம் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வேறிடமும் பார்க்கிங்கிலிருந்து மேற்கே சில மைல் தூரத்திலேயே இருந்தது. தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்னும் கப்பல் கட்டும் சாலையின் தலைவர் ஆர்னல்ட் ஹில்ஸ், தம் தொழிலாளிகளின் தேகப் பயிற்சிக்காகக் கானிங் டவுனில் 1897இல் ஒரு மைதானம் அமைத்து, அதைச் சுற்றிச் சைக்கிள் பந்தயப் பாதையும் போட்டுக் கொடுத்திருந்தார். மிதிவண்டிக்காரர்களுக்கென்று போடப்பட்ட அந்தப் பாதையில் சில வருஷங்களுக்குள் எஞ்சின் வண்டிகளும் புகுந்து சுற்றத் தொடங்கின. நதிக்கு அக்கரையில், பிளம்ஸ்டெட்டில் மாட்ச்லெஸ் என்ற பெயரில் துவிச்சக்கரவண்டி செய்துவந்த காலியர் குடும்பத்தின் புதல்வர்களான சார்லியும் ஹாரியும் அங்கே வந்து ஓட்டியவர்களில் முக்கியமானவர்கள். தகப்பனாரின் பட்டறையில் தாங்களே கட்டிய வண்டியைத் தாங்களே ஓட்டி, எங்கே குறை கண்டார்களோ அங்கே திருத்தி, மறுபடியும் கொண்டுவந்து ஓட்டிய அவர்களுக்கு வேகப் பரீக்ஷை என்பது தொழிலின் ஒரு பாகமாகவே இருந்தது.

1907 மே மாதம் 28ஆம் தேதி மான் தீவில் முதல் டூரிஸ்ட் டிரோபிப் பந்தயம் நடந்தபோது, ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளின் பிரிவில் சார்லி காலியர் வென்றார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 38.21 மைல், அதாவது ஏறக்குறைய 61 கிலோமீட்டர். வேகம் ஒன்றையே கருதிய பந்தயமன்று அது. ஒரு காலன் பெற்றோலில் 90 மைல் ஓடவேண்டுமென்ற நிபந்தனையும் அந்தப் பிரிவுக்கு இருந்தது. காலியரின் வண்டியில் பெடல் இருந்தது. இரண்டாவதாக வந்த ட்ரையம்ப் வண்டியில் பெடல் இல்லை. ஏற்றங்களில் காலியர் மிதித்து ஏறினாரென்றும், அந்தச் சகாயம் இல்லாவிடில் முடிவு மாறியிருக்குமென்றும் எழுந்த வாதத்தின் விளைவாகப் பின்னர் அந்தப் பந்தயத்தில் பெடலே விலக்கப்பட்டது. துவிச்சக்கரவண்டியின் வம்சத்திலிருந்து மோட்டார் சைக்கிள் தனிக்குடித்தனம் போன நாள் எதுவென்று என்னைக் கேட்டால், பெடல் விலக்கப்பட்ட அந்த நாளைத்தான் காட்டுவேன். மனிதனின் காலும் எஞ்சினும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்களிலுமாக உழைத்த அந்தப் பழைய கூட்டுறவில் ஓர் அழகு இருந்தது; அது போனதில் எனக்கு வருத்தமுண்டு.

வேகப் பரீக்ஷை அபாயமற்ற காரியமென்று எவரும் எண்ணவேண்டாம். நீராவியால் ஓடும் துவிச்சக்கரவண்டியைச் செய்த சில்வெஸ்டர் ரோப்பர் என்னும் அமெரிக்கர், தமது எழுபத்திரண்டாம் வயதில், 1896 ஜூன் முதல் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு சைக்கிள் பந்தயப் பாதையில் தம் வண்டியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கையில் இருதயம் நின்று விழுந்து உயிர் நீத்தார்.

பார்க்கிங்கின் கதை, பந்தயக்காரரை விட்டு இங்கே தொழிலாளியிடம் வந்து சேர்கிறது. 1921 முதல் பார்க்கிங், டாகன்ஹாம், இல்ஃபர்ட் ஆகிய மூன்று ஊர்களின் வயல்களிலும் பரவிக் கட்டப்பட்ட பெக்கன்ட்ரீ குடியிருப்பு இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. க்ரீக்மவுத்தில் 1925இல் திறக்கப்பட்ட மின்சார நிலையமும், 1931இல் டாகன்ஹாமில் இயங்கத் தொடங்கிய ஃபோர்ட் தொழிற்சாலையும் அந்த வீட்டார் பலருக்கு ஜீவனம் அளித்தன. காலைச் சங்கு ஊதுவதற்கு முன் வாயிலை அடையவேண்டிய ஜனங்களுக்குத் துவிச்சக்கரவண்டியே வாகனம். தேம்ஸ் கழிமுகத்திலிருந்து வீசும் எதிர்காற்றில், எட்டு மணி நேர உழைப்பு முடிந்து திரும்புகிறவன் மிதிக்கும் மிதி எத்தகையது என்பதை இந்த ஊரில் மார்கழிக் குளிரில் ஒரு தடவையாவது சைக்கிள் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அந்தக் காலுக்கு இளைப்பாறுதலாகவே, இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின், இருக்கிற வண்டியிலேயே பூட்டிக்கொள்ளும் சிறிய எஞ்சின்கள் கடைக்கு வந்தன. குரோய்டனில் ட்ரோஜன் கம்பெனியார் செய்த மினி மோட்டார் 49.9 கன சென்டிமீட்டர் அளவுடையது. பின்சக்கரத்தின் மேல் அமர்ந்து, ஓர் உருளையால் டயரை அழுத்திச் சுழற்றுவது. மழை பெய்தால் உருளை வழுக்கும், டயரும் விரைவில் தேயும் என்ற குறைகள் அதற்கு உண்டு. ஹேஸ் என்னும் ஊரில் 1950 முதல் உற்பத்தியான சைக்கிள்மாஸ்டர் வேறு மார்க்கத்தைக் கைக்கொண்டது: பழைய பின்சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினைத் தன் குடத்துக்குள்ளேயே அடக்கிய புதிய சக்கரத்தை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் 25.7 கன சென்டிமீட்டராக இருந்த அந்த எஞ்சின் பின்னர் 32 ஆக வளர்ந்தது. ஏறத்தாழ மணிக்கு 20 மைல் ஓடும். அதே 1950 மே மாதத்தில் பிரிட்டனில் பெற்றோல் பங்கீடு நீங்கியதும் அதற்கு நற்சகுனமாயிற்று. பந்தயக்காரனுக்கு இந்த 20 மைல் ஒன்றுமில்லை. ஆனால் வியர்வையின்றி வேலைக்குப் போய்ச்சேரும் 20 மைல் வேகம், பந்தயத்தின் 38 மைலைக் காட்டிலும் பெரிய வெற்றி என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஓசூரில் 1980இல் பிறந்த டி.வி.எஸ். 50 தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெற்ற கௌரவத்துக்கும் இதுவே காரணம்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சிறிய எஞ்சினின் அருமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் யுத்தம் மறுபடியும் மூண்டு, குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டபின், சில துளிப் பெற்றோலைப் பொன்போல் வைத்துக்கொண்டு, அதனால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டக் கற்றுக்கொண்ட ஜனங்கள் அவர்கள். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாவதில்லை, சூடு வேண்டும் என்கிற பௌதிக சாஸ்திரத்தைச் சாதாரணக் குடியானவரும் புகைக்கு நடுவில் அனுபவமாக அறிந்த காலம் அது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பட்டறை வைத்திருந்த அண்ணை ஒருவர் இன்று பார்க்கிங்கில் லோங்பிரிட்ஜ் வீதிப் பக்கம் எங்கள் அயலவர். ஒரு பழைய ஆங்கிலச் சைக்கிளையும், உருளையால் ஓடும் ஒரு பழைய 49.9 எஞ்சினையும் தேடிப் பிடித்து, பழங்காலப் பாணியில் ஒரு வண்டியைக் கட்டும் வேலையில் அவர் இரண்டு மாரிகளைக் கழித்தார். சைக்கிள் சட்டத்தை மினுக்குவதில் அவர் அவசரம் காட்டவில்லை. முதலில் சக்கரத்தைத்தான் கழற்றினார். பழைய ஆங்கில வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். பாரம் பின்னால் விழுவதால் இந்த ஏற்பாடு. நாற்பது கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, நாதம் தாழ்ந்த கம்பியை இறுக்கி, கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணை, எஞ்சினை எப்ப பூட்டப் போறியள்?" என்று கேட்டேன். "எஞ்சின் ஓடும் தம்பி, அதிலை எனக்குச் சந்தேகமில்லை. இது நிக்குமோ எண்டதுதான் கேள்வி" என்று பிரேக் கட்டையைத் தொட்டுக் காட்டினார்.

பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. ஆகையால் எசெக்ஸ் வயற்புறத்தில் ஒரு தனியார் நிலத்தில், உடையவரின் அனுமதியோடு, பரீக்ஷை நடந்தது. நாடா பிடித்து 220 கஜம் அளந்து, இரு முனையிலும் குச்சி நட்டோம். ஓட்டத்தோடு ஓட்டமாக முதற் குச்சியைக் கடக்கவேண்டும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டால் கணக்குப் பிழைக்கும். காற்று முதுகில் விழப் போனபோது 18 விநாடி, அதாவது மணிக்கு 25 மைல். அதே பாதையில் காற்றை எதிர்த்துத் திரும்பியபோது 22½ விநாடி, 20 மைல். நான் இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கி இருபத்திரண்டரை என்றேன். அண்ணை ஒப்பவில்லை. வேகங்களைக் கூட்டக்கூடாது, நேரங்களைத்தான் கூட்டவேண்டும், மெதுவாய் ஓடிய பக்கத்தில்தான் வண்டி அதிக நேரம் இருந்தது என்று சொல்லி, 20.25 விநாடியைச் சராசரியாக வைத்து, 22.2 மைல் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வண்டியை வேனில் ஏற்றுமுன் அவர் அதைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றிக் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார். முப்பத்தொன்பது கம்பிகள் ஒரே குரலில் பேசின. தாழ்ந்து ஒலித்த ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.