வாயு என்று நினைத்தோம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் சிவப்பு, நீலச் சாக்பீஸால் இதயம் வரைந்து, நான்கு அறைகளின் பெயரையும் ஒவ்வொருவராகச் சொல்ல வைப்பேன். அது ஆணின் இதயமா, பெண்ணின் இதயமா என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கும் அப்படித் தோன்றியதில்லை.

1996ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு என் பெரியக்கா, முதுகு வலிக்கிறது, தாடை இழுக்கிறது, ஒரே அசதியாக இருக்கிறது என்றார். பண்டிகை வேலை செய்த அலுப்பு என்றோம். ஏப்பம் வேறு வந்ததால் வாயு என்று முடிவுகட்டி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் நான்தான். நான்காம் நாள் விடியுமுன்னே போய்விட்டார். வயது 51. மாரடைப்பு என்றார் மருத்துவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று சினிமாவில் பார்த்ததுதான் அதுவரை எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மருத்துவ உலகத்தின் மனத்திலும் வெகுகாலம் ஆணின் இதயமே இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1982இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்பது கேள்வி. அதில் பங்கேற்ற மருத்துவர்கள் 22,071 பேர். அத்தனை பேரும் ஆண்கள். முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்ததாக 1989இல் முடிவு வந்தது. அது பெண்களுக்கும் பொருந்துமா? அந்த ஆய்வில் பதில் இல்லை. இதயநோய்க் காரணிகளைக் குறைப்பது பற்றிய இன்னொரு பெரிய ஆய்வில் 12,866 பேர். அவர்களும் ஆண்களே.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. நடுவயதில் மாரடைப்பு ஆண்களுக்கே அதிகம் வந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் சில ஆண்டுகள் தள்ளி வரும். அதனால் அது ஆண்களின் நோய் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. தாலிடோமைடு என்ற மாத்திரையால் பல நாடுகளில் கைகால் வளராத குழந்தைகள் பிறந்த கொடுமைக்குப் பின், கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் வழிகாட்டுதல் தந்தது. பாதுகாக்கப் போட்ட வேலிதான். ஆனால் அந்த வேலிக்கு வெளியே நின்றது பெண்கள். 1993இல்தான் அது தளர்த்தப்பட்டது.

1991இல் பெர்னடின் ஹீலி என்ற இதயநோய் மருத்துவர் இதை வெளிப்படையாக எழுதினார். தனக்கும் ஆணைப் போலவே கடுமையான இதயநோய் இருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் பெண்ணுக்குச் சமமான சிகிச்சை கிடைக்கிறது என்பது அவர் வாதம். படிப்பதற்காக ஆண் வேடமிட்ட ஒரு கதைநாயகியின் பெயரால் அதை ‘யென்டில் நோய்க்குறி’ என்று அழைத்தார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரும் அவரே. அவர் காலத்தில் தொடங்கிய ஆய்வில் 1,60,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள்.

அடுத்த திருப்பம் ஜப்பானில் நடந்தது. உடலின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய இளஞ்செல்லை ஸ்டெம் செல் என்கிறோம். நம் பாடநூல் சொல்லும் குருத்தணு. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாக்கா, எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். ஆண்டு 2006. முற்றிய இலையை மறுபடி குருத்தாக்கியது போல! மறு ஆண்டே மனிதத் தோலிலும் அது முடிந்தது. 2012இல் நோபல் பரிசு.

இப்போது ஒரு பெண்ணின் நெஞ்சைத் திறக்காமலே, அவர் தோலில் ஒரு துளி எடுத்து, அவருடைய இதயத் தசைச் செல்லையே கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம். அது அங்கேயே துடிக்கும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் வூ, பால் பரிட்ஜ் முதலியோர் இதைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்சோரூபிசின் என்ற மருந்து சிலருடைய இதயத்தைப் பலவீனப்படுத்தும். பலருக்கு ஒன்றும் செய்யாது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். இரு வகைப் பெண்களிடமும் தோல் செல் எடுத்து, இதயச் செல்லாக்கி, அதே மருந்தை இட்டுப் பார்த்தார்கள். எந்தப் பெண்களின் இதயம் பாதிக்கப்பட்டதோ, அவர்களுடைய செல்களே தட்டிலும் அதிகம் பாதிக்கப்பட்டன.

தட்டில் துடிப்பது முழு இதயம் ஆகாது. அதற்கு ரத்தக்குழாய் இல்லை. உடலின் ஹார்மோன்கள் இல்லை. அந்தச் செல்கள் முதிர்ச்சி குறைந்தவை. ஆனாலும், யாரோ ஓர் ஆணை வைத்து ஊகிக்காமல், அந்தப் பெண்ணின் செல்லிடமே கேட்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அக்காவிடமும் நாங்கள் கேட்டிருக்கலாம். அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளைகளே, பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் முதுகு, தாடை, கை வலி, மூச்சுத் திணறல், குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதி இவையும் மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் அம்மாவோ மனைவியோ திடீரென்று இப்படிச் சொன்னால் ஓமத் தண்ணீர் வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.

இன்று இரவு அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்